மேட்டு மாஸ்டரின் வலது கால்

சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளை விளிம்பை நோக்கி நகர்ந்தால் அவருடைய கை நீளாது. வலது கால்தான் தரையை அமுக்கும். பேருந்து ஓட்டுநர் பிரேக் பிடிக்கக் கொஞ்சம் தாமதித்தால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் இவர் அதற்கு முன்பே பிடித்திருப்பார். முடிதிருத்தும் கடையில் நாற்காலியைச் சட்டென்று பின்னால் சாய்த்தபோது, கால் வைக்கும் பலகையையே உடைத்துவிட்டார். "வீட்டுக்குள்ள எந்த வண்டிய நிறுத்தறீங்க?" என்று மனைவி கேட்பாள். "உன் வாயத்தான். எங்க நிக்குது!" என்பார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவர் மாஸ்டர். பள்ளியின் சின்ன வண்டிக்குள் இவ்வளவு உயரமான மனிதர் எப்படி அடங்குகிறார் என்பது பார்ப்பவர்களுக்குப் புதிர். தலை கூரையில் உரசும். முழங்கால் முன்பலகையில் இடிக்கும். வாயில் எப்போதும் ஓர் இருமல் மிட்டாய். கற்க வந்தவர் நடுச்சாலையில் எஞ்சினை அணைத்துவிட்டால் அதை நறுக்கென்று கடிப்பார். கோபத்துக்கு அவரிடம் இருக்கும் ஒரே சத்தம் அதுதான். மற்றபடி பழகிய வசனம் ஒன்று உண்டு: "பதறாதீங்க, வண்டி எங்கயும் போவாது."

சந்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏறும் சாலையின் உச்சியில் ஒரு சிக்னல் இருக்கிறது. உரிமம் வாங்க வருகிறவர்களுக்கு அதுதான் எமன். சிவப்பு விழுந்து மேட்டில் நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் வண்டி பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். மற்றப் பள்ளிக்காரர்கள் அங்கே கொத்துக் கொத்தாகத் தோற்றார்கள். இவரிடம் பழகியவர்கள் ஒருவர்கூடத் தோற்றதில்லை. 'மேட்டு மாஸ்டர்' என்ற பெயர் அப்படி வந்தது. முதலாளி சும்மா இருப்பாரா? "மேடு என்றால் பயமா? எங்களிடம் வாருங்கள்" என்று பலகையே எழுதி மாட்டிவிட்டார்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. சூட்சுமம் என்று சொல்வதே அதற்குக் கொடுக்கிற மரியாதை. பள்ளி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு உதவ வைத்தது. மேட்டில் பழகுகிறவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்கு மாற்றும் அந்த நொடியில், இவர் தன் பக்கத்துப் பிரேக்கை ஓசைப்படாமல் அமுக்கிக்கொள்வார். வண்டி சாமி சிலை மாதிரி நிற்கும். எஞ்சின் இழுக்கத் தொடங்கியதும் மெல்ல விடுவார். பழகுகிறவர் தானே ஏற்றியதாக நினைத்துப் பூரித்துப்போவார். தேர்வு நாளிலும் இதே கதைதான். அதிகாரி வெளியே நின்று சக்கரத்தைத்தான் பார்ப்பார், மாஸ்டரின் காலை அல்ல.

ஏமாற்ற வேண்டும் என்று ஆரம்பித்ததில்லை. எப்போதோ ஒரு பெரியவர் பின்வண்டிக்காரர்களின் ஹாரனுக்குப் பயந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவம், இன்றைக்கு ஒரு நாள் என்று மாஸ்டர் கால் வைத்தார். மறுநாள் இன்னொருவர் பாவமாக இருந்தார். அப்புறம் பாவம் பார்க்கிற வேலையைக் காலே எடுத்துக்கொண்டது. இவரைக் கேட்பதையும் விட்டுவிட்டது.

போன வாரம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாள் பள்ளிக்கு வந்தாள். குழந்தைகளின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள். அப்படிப்பட்ட கை அன்றைக்குப் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது. இவரிடம் பழகி, உரிமம் வாங்கி, பழைய கார் ஒன்றும் வாங்கியிருந்தாள். மகளோடு அதே மேட்டில் நின்றபோது வண்டி பின்னால் உருண்டு ஒரு வேனின் முகத்தில் போய் மோதியிருக்கிறது. யாருக்கும் அடியில்லை.

"பொண்ணு அங்கயே இறங்கி நடந்து போயிட்டா மாஸ்டர். 'நீ இனிமே ஓட்டாதம்மா'ன்னுட்டா. உங்க வண்டில அழகா நிக்குது, என் வண்டில ஏன் நிக்க மாட்டேங்குது? எனக்கு மூளையே கிடையாதுபோல. வித்துடலாம்னு இருக்கேன்."

ஏன் நிற்கவில்லை என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தார். முதலாளி பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கீழே குனிந்து அவளுடைய காலைப் பார்த்தார். "இந்தச் செருப்பு வழுக்கும் மேடம். அதான். ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, காசு வேணாம், ஒருதரம் பாத்துடலாம்" என்றார்.

அவளும் தன் செருப்பைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவரோடு வீடுவரை வந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் புத்தம் புதிய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தாள். கடை அட்டையின் நூல்கூட இன்னும் அறுபடவில்லை. "நீங்க சொன்னீங்களேன்னு வாங்கினேன். நல்லாருக்கா?" என்று காலை நீட்டிக் காட்டினாள். மாஸ்டருக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

சந்தை திறக்கவில்லை. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பள்ளி வண்டியை மேட்டில் நிறுத்தினாள். இன்றைக்குக் கால் வைப்பதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தார். அவள் காலை மாற்றினாள். வண்டி அசையாமல் நின்று, பிறகு பதவிசாக மேலே ஏறியது.

"வந்துடுச்சு மாஸ்டர்! ஷூதான்! சே, இதுக்குப் போயி ஒரு வாரமா தூங்காம கிடந்தேன்!"

சிரித்தபடி அவர் பக்கம் திரும்பினாள். மாஸ்டர் கீழே பார்த்தார். வலது கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. யார் சொல்லி அமுக்கிற்று? அவருக்குக் காது மடல்வரை சுட்டது. வாயில் இருந்த மிட்டாய் கசந்தது.

"அது நீங்க நிறுத்தல மேடம்" என்றார். "நான்தான் நிறுத்தினேன். என் பக்கமும் பிரேக் இருக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. "இப்பவா?"

"எப்பவும்."

"டெஸ்ட்லயும்?"

"டெஸ்ட்லயும். உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்."

அவள் வண்டியை ஓரம்கட்டினாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். குனிந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். "என் பொண்ணு பின்சீட்ல இருந்தா மாஸ்டர்" என்றாள். அவ்வளவுதான். மாஸ்டர் கண்ணாடி வழியே பூட்டிய கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் தான் அனுப்பிவைத்தவர்கள் எல்லாரும் எந்தெந்த மேட்டில் நிற்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னொருதரம் கீழேருந்து வாங்க. இந்தத் தடவ நெசமா சொல்லித்தரேன்" என்றார்.

சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்தினாள். பின்னால் யாரும் இல்லை என்று இருவரும் பார்த்துக்கொண்டார்கள். "கை பிரேக்கை இழுங்க. மொதல் கியர். கிளட்ச்சை மெல்ல விடுங்க, சத்தம் கனமாகும், முன்பக்கம் லேசா தூக்கும். அப்ப ரேஸ் குடுத்துட்டு கை பிரேக்கை எறக்குங்க." கை பிரேக் என்பது வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது இழுப்பதற்கு மட்டும் என்றுதான் அவரிடம் பழகியவர்கள் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் கால் இருந்தவரை வேறெதற்கும் தேவைப்படவில்லை.

அவள் தலையாட்டிவிட்டு அவருடைய காலைப் பார்த்தாள். மாஸ்டர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். செருப்பைக் கழற்றினார். அந்த நெடிய கால்கள் இரண்டையும் சிரமப்பட்டு மேலே தூக்கி, இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலை ஒருபக்கமாகக் கூரையில் அழுந்தியது.

அவள் கிளட்ச்சை விட்டாள். சத்தம் கனமாவதற்குள் கை பிரேக்கை இறக்கிவிட்டாள். வண்டி பின்னால் உருண்டது. "பதறாதீங்க" என்று வந்தது. மீதி வசனம் மாஸ்டருக்கு வரவில்லை. தொடைக்கு அடியிலிருந்து வலது கால் துள்ளிக்கொண்டு கிளம்பியது. இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

கை பிரேக் கரகரவென்று ஏறும் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. இழுத்தவள் அவள்தான். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னொருதரம்" என்றாள்.

மாஸ்டர் பிடியை விடவில்லை. அந்தக் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.