தவறணை திறக்கும் நாள்

திரிம்பாக் கோயில் மடைப்பள்ளியில் அன்னதானத்துக்கு வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது ஜெயகௌரி கேட்டாள்.

"என்ன தயாக்கா, உங்கட தவறணை எப்ப திறக்குதாம்?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். தயாநிதியும் சிரித்தாள். சுவிஸ் நகரமான ஷாஃப்ஹவுசனின் பழைய பகுதியில் 'ரோட்டர் குரூக்' என்ற மதுச்சாலையில் அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே கேட்கிற பகிடிதான். ஊரில் கள்ளு விற்கிற இடம் தவறணை. சித்திரம் வரைந்த முகப்பும் அறையைச் சூடாக்கும் ஓட்டு அடுப்பும் உள்ள பல நூறு வருட வீடென்றாலும், உள்ளே பியர் விற்றால் ஜெயகௌரிக்கு அதுவும் தவறணைதான். முன்பெல்லாம் அந்தச் சொல் சுருக்கென்று குத்தும். அன்றைக்குக் குத்தவில்லை.

"வைகாசியிலை," என்றாள். "எல்லாரும் வாங்கோ. முதல் நாள் சாப்பாடு என்ரை."

"முதலாளியம்மா கூப்பிட்டா வராமல் விடுவமோ!"

அந்தச் சொல்லைத் தயாநிதி மறுக்கவில்லை. ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் அதை வாய்க்குள் கற்கண்டுபோல் வைத்திருந்தாள்.

கிளாஸ் கழுவத்தான் அவளை முதலில் எடுத்தார்கள். மகள் லக்சாயினி அப்போது கைக்குழந்தை. கணவர் தவராஜாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் பகலில் பிள்ளையைப் பார்க்க, இவள் குரூக்குக்குப் போனாள். பிறகு சமையல், பிறகு பரிமாறல், கடைசியில் நிலவறைப் பீப்பாய்களும் அவள் பொறுப்புக்கு வந்தன. மதுச்சாலையை நடத்திய வீட்டுக்காரி ஃப்ராவ் ப்யூரர், பிள்ளைகள் இல்லாத, ஓயாமல் புகைக்கிற, ஏசினால் தெருவுக்கே கேட்கிற மனுசி. உணவகம் நடத்துவதற்கான படிப்பைப் படித்துப் பரீட்சை எழுதும்படி தயாநிதியைத் தள்ளியவளும் அவள்தான். முதல்முறை தவறியபோது, "கழுதை, திரும்பப் போ," என்றாள். இரண்டாம் முறை தேறியபோது மேசைக்கு மேசை போய்த் தானே எழுதியதுபோல் பெருமையடித்தாள்.

குரூக்கில் ஒரு வழக்கம் இருந்தது. அடுப்போரத்து வட்டமேசை வழமையானவர்களுக்கு உரியது. அதில் இருப்பவர்கள் எதையும் கேட்டு வாங்குவதில்லை. ஹான்ஸ்ரூடி கிழவர் தொப்பியைக் கழற்றி வாங்குப் பலகையில் வைப்பார், பியர் வந்துவிடும். இடது முழங்காலைத் தடவினால், அன்றைக்கு பியர் வேண்டாம், சூடான சூப் என்று அர்த்தம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் தனக்கு அவமானம் என்று தயாநிதி நினைத்தாள். ஜெர்மனையும் அவள் அந்த மேசையில்தான் படித்தாள். பகிடியும் ஏச்சும் காலநிலையும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடிதம் எழுதுகிற ஜெர்மன் அந்த மேசையில் கிடைக்கவில்லை. அதற்கு மகள் இருந்தாள்.

நோய் முற்றி, இனி மருத்துவமனைதான் என்றான நாளில், ஃப்ராவ் ப்யூரர் வட்டமேசையில் வந்து உட்கார்ந்தாள். மேசை நிறைய ஆட்கள். தயாநிதியைக் கூப்பிட்டு, நிலவறைத் திறப்பை, அந்தப் பெரிய சாவியை, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இனி நீதான்."

அவ்வளவுதான் சொன்னாள். ஹான்ஸ்ரூடி கிளாஸைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். அந்த மேசையில் ஹேர் ஷ்லாட்டரும் இருந்தார்.

ஃப்ராவ் ப்யூரர் இறந்தபின் வீடு ஓர் அறக்கட்டளைக்குப் போனது. அதன் தலைவர் ஹேர் ஷ்லாட்டர். வீட்டைப் பழைய குணம் கெடாமல் திருத்திக் கட்ட வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தாளாம். கதவைப் பூட்டினார்கள், சுவரைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். தயாநிதி தற்காலிகமாக ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை எடுத்தாள். நிரந்தர இடம் தரட்டுமா என்று அங்கே கேட்டார்கள். எனக்கு இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமைகளில் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு சாரத்துக்குள் நுழைவாள். வேலையாட்கள் உறைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னொன்று எடுப்பார்கள். கட்டடக்கலைஞர் ரெகுலா என்ற இளம்பெண். எதற்கும் தயாநிதியைக் கேட்பாள். இந்த வாங்கு சுவரோடு ஒட்டி இருந்ததா? இந்தக் கொளுக்கியில் என்ன தொங்கியது? வட்டமேசை விளக்கை மட்டும் கொஞ்சம் உயர்த்தலாம் என்றாள். எழும்புகிறவர்களின் தலையில் இடிக்குமாம்.

"இடிக்கட்டும்," என்றாள் தயாநிதி. "விளக்குப் பதிய இருந்தால்தான் குனிந்து கதைப்பார்கள். உயர்த்தினால் எல்லாரும் நிமிர்ந்திருந்து கைத்தொலைபேசி பார்ப்பார்கள்."

ரெகுலா சிரித்தாள். விளக்கு பழைய உயரத்திலேயே தொங்கியது.

கூரைப்பலகைகளில் படிந்த சிகரெட் புகையைப் பஞ்சால் துடைத்தெடுத்தார்கள். கபில நிறக் கறைக்கு அடியிலிருந்து பச்சைக் கொடியும் சிவப்புப் பூக்களும் வந்தன. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கையளவு துண்டைத் துடைக்காமல் விட்டார்கள். முன்னர் எப்படி இருந்தது என்று காட்டுவதற்காம். தயாநிதி அண்ணாந்து அந்தக் கறையைப் பார்ப்பாள். அது ஃப்ராவ் ப்யூரரின் மூச்சுப்போல இருக்கும். "பாருங்கோ, உங்கட வீட்டை வடிவாத்தான் செய்யினம்," என்று மனதுக்குள் தமிழில் சொல்லுவாள்.

பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை ஹேர் ஷ்லாட்டர் இரண்டு இளம் ஆட்களோடு உள்ளே வந்தார். சூரிச்சிலிருந்து வந்த கணவனும் மனைவியும். நல்ல முகங்கள்.

"இவர்கள்தான் குரூக்கை எடுத்து நடத்தப்போகிறவர்கள்," என்றார் அவர். "இது எங்கள் தயா. இந்த வீட்டின் உயிர்."

அந்தப் பெண் ஆசையோடு கை நீட்டினாள். தயாநிதியின் கையில் ரோல்ஸ் தட்டு இருந்தது. எதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த இருவரும் அடுப்பைப் பார்க்கப் போனபின் மெல்லக் கேட்டாள்:

"ஹேர் ஷ்லாட்டர், ஃப்ராவ் ப்யூரர் சொன்னபோது நீங்களும் மேசையில் இருந்தீர்கள்."

அவர் முகம் உண்மையாகவே வாடியது.

"இருந்தேன். ஆனால் அறக்கட்டளை என்றால் பகிரங்கமாக அறிவித்து, விண்ணப்பம் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும், தயா. பத்திரிகையில் போட்டோம். வெளிக்கதவிலும் ஒட்டியிருந்தோம். உங்களிடமிருந்து வரும் என்று கடைசி நாள்வரை பார்த்தேன். வரவில்லை. உங்களுக்குக் களைத்துவிட்டது, இனி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தோம்."

"நான் ஒவ்வொரு சனியும் வந்தேனே."

"ஓம். நீங்கள் அன்பினால் வருகிறீர்கள் என்று நினைத்தோம்."

கதவில் ஒட்டியிருந்த தாளை அவள் பார்த்திருக்கிறாள். அது வெளியாட்களுக்கு என்று நினைத்துக் கடந்து வந்திருக்கிறாள்.

"உங்கள் இடம் அப்படியே இருக்கிறது," என்றார் அவர். "சமையலறை உங்களுடையது. அவர்களுக்கும் நீங்கள் கட்டாயம் வேண்டும். நீங்கள் இல்லாமல் இது குரூக் இல்லை."

தயாநிதி அண்ணாந்து பார்த்தாள். துடைக்காமல் விட்ட அந்தத் துண்டு மூலையில் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் லக்சாயினி வந்தாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள். சூரிச்சில் ஒரு பெரிய நிறுவனத்தில், வேலைக்கு வருகிற விண்ணப்பங்களைப் படித்து ஆட்களைத் தெரிவு செய்வதுதான் அவளுடைய வேலை. தாய் சொன்னதைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அரை மணித்தியாலம் அம்மா. அரை மணித்தியாலத்திலை எழுதித் தந்திருப்பன். ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? அவ எல்லாருக்கும் முன்னாலைதானே தந்தவ."

"அது இங்கை காணாதம்மா. எழுதிக் கேக்கோணும்."

"குடுத்ததை என்னண்டு பிள்ளை திருப்பிக் கேக்கிறது? கேட்டா, செத்த மனுசியின்ரை சொல்லை நானே நம்பேல்லை எண்டெல்லோ ஆகும்."

தவராஜா கோப்பையைப் பார்த்தபடி, "விடு, தவறணைக்காரி எண்ட பேராவது போகும்," என்றார். பகிடியாகத்தான் சொல்ல நினைத்தார். பகிடியாக வரவில்லை.

லக்சாயினி கரண்டியைத் திரும்ப எடுத்தாள். முன்பின் தெரியாத ஆட்கள் தங்களைப் பற்றி எழுதுவதை நாள் முழுவதும் படிக்கிறவள், குரூக் என்ன மாதிரி என்று தாயிடம் எப்போது கடைசியாகக் கேட்டாள்? மகளின் முகத்தில் அந்தக் கேள்வி ஓடுவதைத் தயாநிதி கண்டாள். சோறு இன்னும் கொஞ்சம் போட்டாள்.

குரூக்கின் சமையலறை வேலை வேண்டாம் என்று தயாநிதி சொல்லிவிட்டாள். முதியோர் இல்லத்து இடமும் அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. கோயிலுக்குச் சில வெள்ளிகள் போகவில்லை. போன அன்று ஜெயகௌரி எதுவும் கேட்கவில்லை. பாயசத்தை மட்டும் இரண்டு தரம் ஊற்றினாள். பகிடி பண்ணியிருக்கலாம் என்று தயாநிதிக்குப் பட்டது.

வைகாசியில் குரூக் திறந்தது. நிலவறைத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் அவளும் போனாள். புது வீட்டுக்காரியான அந்தச் சூரிச்சுப் பெண் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தாள். அறை முழுவதும் புகை. புகைபோக்கியின் மேல்மூடியை முதலில் திறக்க வேண்டும் என்று தயாநிதி காட்டிக்கொடுத்தாள். புகை இழுபட்டு மேலே போனது. அந்தப் பெண் அவளைக் கட்டிப்பிடித்து, "உட்காருங்கள், என்ன குடிக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

அந்த வீட்டில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"ஒன்றும் வேண்டாம்," என்றாள். நிலவறைத் திறப்பை மேசையில், அந்தத் தாழ்ந்த விளக்கின் கீழே வைத்தாள்.

வெளியே வந்து எதிர்ப்பக்கம் நின்றபோது ஹான்ஸ்ரூடி கிழவர் தெருவில் வருவதைக் கண்டாள். அவர் அவளைக் காணவில்லை. உள்ளே போனார். யன்னலூடாக எல்லாம் தெரிந்தது. கிழவர் தொப்பியைக் கழற்றி வாங்கில் வைத்தார். காத்திருந்தார். சிறிது நேரத்தில் இடது முழங்காலைத் தடவத் தொடங்கினார்.

புது வீட்டுக்காரி சிரித்தபடி வந்து அவர் முன்னால் ஓர் உணவுப்பட்டியல் அட்டையை வைத்தாள். கிழவர் அதைத் திறக்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் கழுத்தை நீட்டினார். பிறகு எழும்ப முயன்றார். விளக்கில் தலை இடிபட்டது. நெற்றியைப் பிடித்தபடி திரும்ப உட்கார்ந்து, சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேளுங்கோ," என்றாள் தயாநிதி, தெருவின் இந்தப் பக்கம் நின்று, தமிழில். "வாயைத் திறந்து கேளுங்கோ ஐயா. அவைக்குத் தெரியாது."