சம்மதக் கடிதம்

அறுபதுகளில் நான் படித்த பெண்கள் கல்லூரி மாதுங்காப் பக்கம் இருந்தது. ஒரு வியாபாரக் குடும்பத்தின் டிரஸ்ட் அதை நடத்தியது. தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாலத்தில் ஏறி இறங்கினால் நடந்தே போய்விடலாம். அப்பா தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில் மேஸ்திரி. திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்தவர். தமிழில் வேதாகமத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். இங்கிலீஷ் ஓரெழுத்துகூடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான்.

தினமும் காலையில் ஹாலில் கால் மணி நேரம் பிரார்த்தனை நடக்கும். அன்றைய வருகைப் பதிவும் அங்கேயே எடுப்பார்கள் என்பதால் யாரும் தப்ப முடியாது. முதல் வருஷம் கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடித்துத்தான் இருந்தன. பாத்திரம் கழுவும்போது எனக்குத் தெரியாமலேயே முணுமுணுத்திருக்கிறேன்.

இரண்டாம் வருஷம் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். ரோல் நம்பர்படி ஒவ்வொரு நாளும் ஒரு பெண் விளக்கேற்றி, சரஸ்வதி படத்துக்கு ஆரத்தி காட்டி, எல்லோருக்கும் குங்குமம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் சர்ச்சில் முழங்காலிட்டு, வேறு தெய்வத்தை வணங்குவதில்லை என்று நானே வாக்குக் கொடுத்து, என் விசுவாசத்தை அறிக்கையிட்டிருந்தேன். பதினாறு வயதில் கொடுத்த வாக்கு பெரிய விஷயம். என் நம்பர் நெருங்க நெருங்க, மீதி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சிவிக்ஸ் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வகுப்பில் அரசியல் சட்டத்தை நடத்தும்போது புத்தகத்தைப் பார்க்கவே மாட்டார். அரசாங்கத்திடம் உதவி வாங்கும் கல்லூரியில், சம்மதமில்லாமல் யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்றும், மாணவர் மைனராக இருந்தால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும் என்றும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நான் தயங்கித் தயங்கிப் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, தானே பார்த்துக்கொள்வதாகவும் நான் படிப்பை மட்டும் கவனித்தால் போதும் என்றும் சொன்னார். அன்று பாலத்தில் ஏறும்போது உடம்பே லேசாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பிச் சற்று நேரத்தில் மிஸ்ஸே வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டுக் கரை போட்ட புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி சாக்கடையைத் தாண்டி வந்தார். எங்கள் சந்தே எட்டிப் பார்த்தது. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. நான் எதிர்க்கடைக்குச் சோடா வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது டைப் அடித்த ஒரு தாள் அப்பாவின் முன்னால் இருந்தது.

"ஒரு ஃபார்மாலிட்டிதான். உங்க பொண்ணை யாரும் தொந்தரவு பண்ணப்படாதுன்னுதான் இதை வாங்கிக்கறோம்" என்றார் மிஸ்.

"நீங்க சொன்னா சரிதாம்மா. எம் மவ எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுதா" என்று சொல்லி, அப்பா தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

நான் அந்தத் தாளை வாங்கி வாசித்திருக்கலாம். இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். மிஸ் கொண்டுவந்ததைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். சோடாவை நீட்டினேன்.

அந்த மாதம் அரசாங்க அதிகாரிகள் கல்லூரியைப் பார்வையிட வந்தார்கள். சயன்ஸ் கட்டடத்துக்கு மானியம் கேட்டு டிரஸ்ட் மனுப் போட்டிருப்பதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தமிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் நம்பர் வந்த நாளில் நான் ஹாலுக்குப் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். பியூன் வந்து பிரின்சிபால் அறைக்கு அழைத்துப்போனான். சிவிக்ஸ் மிஸ்ஸும் அங்கே நின்றிருந்தார். எனக்கு விலக்கு இருப்பதாகச் சொன்னேன். பிரின்சிபால் கோபப்படவில்லை. ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் மகள் கல்லூரியின் பிரார்த்தனையிலும் எல்லா வழிபாடுகளிலும் கலந்துகொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன் என்று இங்கிலீஷில் இருந்தது. அதன் கீழே அப்பாவின் தமிழ்க் கையெழுத்து.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் பண்ணேன். காலேஜுக்கு கிராண்ட் வந்தாத்தானே உன்னை மாதிரி பொண்கள் படிக்க முடியும்? அஞ்சு நிமிஷம் விளக்கேத்தினா என்ன ஆயிடும்?" என்றார்.

ஹாலில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். போனேன். தீக்குச்சியைக் கிழித்தது, தட்டைச் சுற்றியது, ஒவ்வொரு நெற்றியிலும் குங்குமம் வைத்தது எல்லாம் நினைவிருக்கிறது. கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் புரியாதது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.  "நீ அத வாசிச்சியாட்டி?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "நானும் உங்கிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லல" என்றார்.

மறுநாள் கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு, சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னுடன் வந்தார். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக முந்தின இரவே என்னை இங்கிலீஷில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆபீஸ் வாசல் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். எழுந்துபோகச் சொன்னபோதும் அப்பா எழவில்லை. கடைசியில் பிரின்சிபால் கடிதத்தை வாங்கிக்கொண்டு, இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். பழைய கடிதத்தை அப்பா திருப்பிக் கேட்டார். அது அரசாங்க ஆபீசுக்குப் போய்விட்டது, இனி வராது என்றார்கள்.

அதற்குப் பிறகு பிரார்த்தனை நேரத்தில் நான் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பேன். ஹாலிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருத்தியும் என்னைக் கடந்துதான் போகவேண்டும். கூடவே டிபன் சாப்பிட்டவர்கள் வேறு மேசைக்கு மாறினார்கள். சிவிக்ஸ் வகுப்பில் மிஸ் என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். பாடத்தை மட்டும் முன்பு போலவே அழகாக நடத்தினார். உரிமைகள் பற்றிய பரீட்சைக் கேள்விக்கு நான்தான் அதிக மார்க் வாங்கினேன். அந்த விடையை அவர் வழக்கம்போல் வகுப்பில் வாசித்துக் காட்டவில்லை.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது சயன்ஸ் கட்டடத் திறப்பு விழா நடந்தது. மந்திரி ஒருவர் வந்திருந்தார். எல்லா மதத்துப் பெண்களும் வேற்றுமையில்லாமல் படிக்கும் இடம் இது என்று டிரஸ்ட் தலைவர் மேடையில் பேசினார். போட்டோ எடுக்கும் நேரத்தில் மிஸ் வரிசைகளைச் சரிசெய்துகொண்டே வந்து, பின்னால் நின்ற என் தோளில் கை வைத்து முன்வரிசைக்குத் தள்ளினார். எனக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணை நிறுத்தினார்.

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. தட்டிவிடவில்லை. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். பக்கத்துப் பெண் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து நானும் சிரிக்காமல் நின்றேன்.