ஹபீப் கொடுத்துவிட்ட கார்டு

லுப்னா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே படிந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தாள். காயல்பட்டினத்துக் கடல் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பழைய கிராஃபிக்ஸ் கார்டின் செம்பு ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. போன வாரம் அது நின்றேபோயிற்று.

வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டுமுன்பே உள்ளறைகளைப் படமாகச் செய்து கொடுப்பது அவள் வேலை. எந்த டைல்ஸ், எந்த விளக்கு, ஜன்னல் வழியே வெயில் எங்கே விழும் என்பதெல்லாம் அதில் தெரியும். பாதி வீடுகள் துபாயிலும் தம்மாமிலும் இருக்கும் ஆண்களுடையவை. கல்யாணமான மறுவருஷம் ஹபீப் துபாய்க்குப் போனபோது ஒரு பழைய கம்ப்யூட்டரை விட்டுப்போனான். விண்டோஸ் திணறியதால் யூடியூப் பார்த்து அதில் லினக்ஸ் போட்டாள். தொழிலும் அதிலேயே படிந்தது.

புதுக் கார்டைக் காலையில் முஸம்மில் காக்கா கொண்டுவந்தார். துபாயிலிருந்து லீவில் வந்தவர், ஹபீப் கொடுத்துவிட்டதாகச் சொல்லி வாசலிலேயே நீட்டினார். அவள் கேட்ட கம்பெனி இல்லை, வேறு. அது பெரிதாகப் படவில்லை. ஆனால் தன் தங்கையின் நிக்காஹுக்கு அடுத்த வாரம் வருகிறவன், தன் பெட்டியிலேயே போட்டு வந்திருக்கலாம். அடுத்தவர் கையில் பொருள் வந்தால் ஆள் இப்போதைக்கு வரமாட்டார் என்பது இந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அழுகை வரும் என்று சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

கார்டைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாக நின்றது. அப்போதுதான் மாமியார் முத்து பீவி தன் வீட்டிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் தாய் வீட்டிலேயே இருப்பது அந்த ஊர் வழக்கம்.

"என்னளா, செத்துப்போச்சா?"

"இல்ல மாமி. பழைய கம்பெனி டிரைவர் உள்ளயே கெடக்கு. புதுசை வேலை பாக்க விடமாட்டேங்கு."

"உங்க மாமா கடையில இருந்த கணக்கப்பிள்ளை மாதிரி. புடிச்சு வெளிய தள்ளு."

லுப்னா மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன. பழைய கார்டை இயக்கிவந்த டிரைவர் மென்பொருளை நீக்கச் சொல்லித் தட்டினாள். புதியதற்கு வேண்டியது லினக்ஸுக்குள்ளேயே இருந்தது.

"ஹபீபு இறங்குனதும் முதச் சாப்பாடு எங்க வீட்டுலதான். பொறவுதான் இங்க. சண்டைக்கு வராத, சொல்லிட்டேன்."

"சரி மாமி."

முத்து பீவி கட்டிலில் கிடந்த காலி அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "இது யாரு கொண்டாந்தா?"

"முஸம்மில் காக்கா."

"அவனே வாரானே. பொறவு எதுக்கு இன்னொருத்தன் கையில குடுத்துவிடுதான்?"

தன் வேலை அவசரம், அதனால்தான் முன்கூட்டியே அனுப்பினார் என்று சொல்லியிருக்கலாம். மாமி நம்பியிருப்பாள். லுப்னா பழைய செட்டிங் ஃபைலையும் அழித்துவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினாள்.

"ஏளா, உன்கிட்ட எதும் சொன்னானா? தங்கச்சி வாப்பா இல்லாத பிள்ளை. நிக்காஹ்ல வாப்பா இடத்துல அவன்தான உக்காரணும்?"

திரையில் வெளிச்சம் வந்தது. பாதியில் விட்டிருந்த யாரோ ஒருவரின் ஹால் விரிந்தது. லுப்னா எழுத்தின் அளவைச் சரிசெய்தாள், பிறகு நிறத்தை. முத்து பீவி அவள் முதுகையே பார்த்திருந்தாள். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அறையைவிட்டுப் போனாள்.