குரல் கொடுக்காமல் போன நாள்

எங்கள் மலையில் யார் வீட்டுக்கும் சத்தமில்லாமல் போகக் கூடாது. பாதைத் திருப்பத்திலேயே நின்று "ஓ..." என்று நீளமாக ஒரு குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக் கட்டுவார், துணிமணியைச் சரிசெய்துகொள்வார். அப்புறம்தான் நாம் போவோம். இந்த மரியாதையை நாங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கொடுத்தோம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. சந்தன மரம் வெட்டியவர்கள் யார் என்று விசாரிக்கப் போலீஸ்காரர்கள் என் அண்ணனைக் கேட்டு வந்தார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாமையும் புளியும்தான். எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் எனக்கு மாமா முறை. தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று அவரே அவனைக் கூட்டிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"வளக்கக் குடுத்த மாட்டையே அப்பப்ப போய்ப் பாத்துட்டு வர்றோம். இது எங்க ஆளு. தினம் வந்து பாப்போங்க."

"தாராளமா வாங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர். அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் அப்போது மலைப் பள்ளியில் டீச்சர். படித்தவள் ஒருத்தி கூட இருக்கட்டும் என்று மாமா என்னையும் அழைத்துப் போவார். போகும்போதெல்லாம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், கையில் டீ. "நல்லா வச்சிருக்காங்க" என்பான். மாமாவுக்குத் திருப்தி. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. பள்ளியில் எழுதிய கணக்கையே திரும்ப எழுதுவேன். வீட்டில் அண்ணி உலை வைப்பாள், பாதியில் அடுப்பை அணைப்பாள். அவளைத் திட்டுவேன், பிறகு நானும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன்.

ஏதோ உறுத்தியது. அந்தக் குளிரில் அண்ணனுக்குத் தினமும் தலை ஈரமாக ஏன் இருக்க வேண்டும்? பித்தானே போடாதவன் கழுத்துவரை ஏன் போட்டிருக்கிறான்? திரும்பும் வழியில், ஸ்டேஷனுக்கு மேலே நாங்கள் குரல் கொடுக்கும் திருப்பத்தைத் தாண்டும்போது சட்டென்று பிடிபட்டது. நாங்கள் இங்கே குரல் கொடுத்துவிட்டு மெதுவாக இறங்கிப் போவதற்குள் அங்கே எல்லாம் தயாராகிவிடுகிறது.

"நாளைக்குக் குரல் குடுக்காம போவலாம் மாமா."

"இன்னா பேச்சு பேசற நீ? சொல்லாம கொள்ளாம வூட்டாண்ட போறதுக்கு நாம இன்னா திருடங்களா?"

"அது வூடு இல்ல மாமா, ஸ்டேஷன்."

"அங்கயும் மனுசங்கதான இருக்காங்க?"

எனக்கு வந்த கோபத்தில், "அண்ணன் பொணமா வந்தா மரியாதையா எடுத்து வையுங்க" என்று சொல்லிவிட்டேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் திருப்பத்துக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் அவருக்கு வாய் திறந்துவிட்டது. சட்டென்று தோள் துண்டின் நுனியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். அப்படியே நடந்தோம். வாசலில் யாரும் இல்லை. உள்ளே போனோம்.

அண்ணனின் இரண்டு கைகளையும் ஜன்னல் கம்பியில் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். மேலே சட்டை இல்லை. முதுகைப் பார்த்தேன், அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. மூலையில் ஒரு வாளித் தண்ணீரும் சீப்பும் தயாராக இருந்தன.

மாமா துண்டைத் துப்பினார். அடக்கி வைத்திருந்த குரலை ஸ்டேஷன் நடுவில் நின்று கொடுத்தார். டீக்கடையில் இருந்தவர்களும் சந்தைக்கு வந்தவர்களும் ஓடிவந்து வாசலை அடைத்துக்கொண்டு பார்த்தார்கள். அன்று மாலையே அண்ணனை விட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு மலையில் யாரைப் பிடித்தாலும் எங்களில் இரண்டு பேர் போவோம். நேரம் சொல்ல மாட்டோம்.

"வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா இன்னா?" என்று சப் இன்ஸ்பெக்டர் ஒருமுறை சலித்துக்கொண்டார்.

"சொல்லிட்டு வந்தா பாத்த மாதிரி இருக்காதுங்க" என்றார் மாமா. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மாசியில் ஒருநாள் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணியின் தம்பி வந்தான், வழக்கம்போலத் திருப்பத்தில் நின்று குரல் கொடுத்தான். அண்ணன் எழுந்தான். பானையில் கையை நனைத்துத் தலையைப் படிய வாரினான். கழுத்துவரை பித்தான் போட்டான். கட்டிலில் நேராக உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணா, மச்சான் வர்றான், அவ்ளோதான்" என்றேன்.

"நல்லா வச்சிருக்காங்க" என்றான்.

அன்றிலிருந்து அவன் வீட்டுக்கு மட்டும் யாரும் குரல் கொடுப்பதில்லை. மாமாகூடத் திருடன் மாதிரி ஓசைப்படாமல்தான் வருவார்.