கொல்லம் வந்து சேராத சைக்கிள்

மட்டாஞ்சேரியில் சுக்கின் நெடி ஏறாமல் யாரும் மூச்சு விட்டதில்லை. பண்டகசாலைச் சுவரிலும் தெருக்கல்லிலும் எங்கள் பள்ளிக்கூடப் பையிலும்கூட அது ஊறிக் கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஓணத்துக்கு முந்தைய வாரம் ஒன்றில், அந்த நெடியையும் மீறி எங்கள் வீட்டுக்குள் வேறொரு வாடை வந்தது. அது அப்பாவின் வலது காலிலிருந்து வந்தது. அவர் சர்க்கரை வியாதிக்காரர். செருப்பு கடித்த புண் என்று நாங்கள் அசட்டையாக விட்டது பெருவிரலைக் கறுக்க வைத்து மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

அப்பா மிளகுப் பண்டகசாலையில் "சாம்பிள்" கொண்டு போகிறவர். மூட்டைக்கு ஒரு கைப்பிடி மிளகைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு, தரகர்களின் கடைகளுக்குச் சைக்கிளில் போய்க் காட்டுவதுதான் வேலை. பத்தடி நடக்க முடியாத அந்தக் காலோடும் குதிகாலால் பெடலை அழுத்திப் போய்க்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கம் சித்தப்பா சொன்ன பெரிய டாக்டரிடம் போவது என்று முடிவானபோது, சைக்கிளும் கூட வரும் என்று ஒற்றைப் பிடிவாதமாக நின்றார். அடுத்தவன் தோளில் தொங்கிக்கொண்டு நடக்கத் தன்னால் ஆகாது என்பது அவர் கட்சி. அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். கைக்குழந்தையோடு அவளால் வர முடியாது; ஆகவே துணைக்கு நான், பத்து வயதுப் பெண். ஆலுவாயைத் தாண்டி ரயிலில் போயிராத எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

போட்டில் சைக்கிளை ஏற்றி எர்ணாகுளம் போய், ஸ்டேஷனில் அதன் கைப்பிடிக்கும் பெடலுக்கும் சாக்கு சுற்றி, ஊர் எழுதிய அட்டையைக் கட்டி, அப்பா ரசீது வாங்கிக்கொண்டார். தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்கு அகல ரயில் கொல்லத்தோடு சரி. அங்கே இறங்கி, மலையைத் தாண்டிப் போகும் சின்ன ரயிலுக்கு நாங்களும் மாற வேண்டும், சைக்கிளும் மாற வேண்டும். சரக்குப் பெட்டி வண்டியின் கடைசியில் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்க முடியாததால், ஏற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்.

சரக்குப் பெட்டியில் கூரை முட்ட வாழைக்குலைகள். போர்ட்டர் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு, "ஓணத் திரக்கல்லே மோளே, ஸ்தலமில்லா. நாளத்தே வண்டிக்கு விடாம். அச்சனோடு பறயணம்," என்றார். ஓண நெரிசல், இடமில்லை, நாளை வண்டியில் அனுப்புகிறோம், அப்பாவிடம் சொல்லிவிடு என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் ஓடி வந்தேன். ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இதைச் சொன்னால் அப்பா இறங்கிவிடுவார், திரும்பவும் போட்டில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும், நாளைக்கு எனக்குப் பதில் பக்கத்து வீட்டு ஆள் யாராவது துணைக்குப் போவார் என்று.

"ஏத்தினாங்களா மோளே?"

"ஏத்தியாச்சு அப்பா."

அவர் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். கோட்டயம் தாண்டும்வரை எனக்கு உறுத்தல் என்று ஒன்றும் இல்லை. புளியோதரையை ரசித்துச் சாப்பிட்டேன். அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது?

கொல்லத்தில் எல்லாச் சாமான்களும் இறங்கின, சைக்கிள் இறங்கவில்லை. பார்சல் குமாஸ்தா நல்ல மனிதர். ஏற்றியது நிச்சயம்தானா, எர்ணாகுளத்திலேயே தங்கியிருந்தால் பத்திரமாக இருக்கும், நீங்கள் முதலில் காலைப் பாருங்கள் என்றார். அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"என் மோள் நின்னு பார்த்தா. அவ பொய் பறைய மாட்டா."

வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஊரில் கிடக்கிறது, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா அடுத்த ரயிலைப் பிடித்திருப்பார். நான் காலடியில் கிடந்த பழத்தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளை வந்துவிடும் என்று போர்ட்டர் சொன்னதை மனதுக்குள் பிடித்துக்கொண்டேன். குமாஸ்தா வழியிலுள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் போன் செய்தார்; எர்ணாகுளத்துக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. நடுவழியில் யாரோ இறக்கித் திருடிவிட்டார்கள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்; பிழைப்புக்கு இருந்த ஒரே வண்டி, அதை விட்டு அவர் நகர்வதாக இல்லை. மறுநாள் வண்டியிலும் ஓணச் சரக்குதான் வந்தது. சாயாவும் "பன்"னும் தின்று பிளாட்பாரத்திலேயே கிடந்தோம். கால் முட்டி வரை வீங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் சைக்கிள் வந்தது. முதல் நாள் வண்டியில் அது ஏறவே இல்லை என்று குமாஸ்தா சொன்னார். ஏற்றியதை இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்தில் வாழைக்குலை ஏற்றியிருக்கிறான் போர்ட்டர் என்று அப்பா சொன்னார்.

தென்காசியில் இறங்கியதும் அப்பா ஒரு காலைத் தூக்கிப் போட்டுச் சைக்கிளில் ஏறப் பார்த்தார். கால் பெடலில் நிற்கவில்லை. ஸ்டேஷனுக்கு வந்திருந்த சித்தப்பா அவரைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் உட்கார வைக்க, கண்டக்டர் சைக்கிளைப் பஸ் கூரையில் கயிறு போட்டுக் கட்டினார். அப்பா யார் தோளிலும் தொங்கக் கூடாது என்றுதான் அது வந்திருந்தது.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னார்: "ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்." முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பா பதினோரு வருஷம் இருந்தார். பண்டகசாலை வாசலில் உட்கார்ந்து சாம்பிள் பை தைத்தார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் போர்ட்டரைத் திட்டினார். அவன் கை அழுகிப் போகும் என்று சபித்தார். நான் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். சொல்லியிருக்க வேண்டும். கோழை, வேறு காரணம் கிடையாது.

அவர் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை.

"இத்தனை வருஷம் சொல்லாதவ, இப்ப எதுக்கு எங்கிட்ட சொன்னே?" என்றாள். "இனி நான் இதை எங்கே கொண்டு வைப்பேன்?"

அன்று அவள் சாப்பிடவில்லை. பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசவும் இல்லை.

மலைப்பாதையில் சின்ன ரயிலை எடுத்துவிட்டு அகல ரயில் போட்டுவிட்டார்கள். கொல்லத்தில் இறங்கி மாறாமல் இப்போது நேரே தென்காசிக்குப் போய்விடலாம். சைக்கிளை ரயிலில் கொண்டு போகிறவர்களைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. அந்தப் போர்ட்டர் பேர் என்ன, இருக்கிறாரா என்று நான் விசாரித்ததில்லை. அம்மாவும் போய்விட்டாள். என்னை ஓங்கி ஓர் அறை அறைவதற்கு உரிமையுள்ளவர்கள் இனி யாரும் இல்லை.