காளியாயிக்குக் கிடைத்த நாற்காலி

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்த காளியாயி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பௌத்தரானாள். இதில் மாரியம்மனுக்கும் அவளுக்கும் எந்த மனஸ்தாபமும் கிடையாது. தோட்டத்தில் பௌத்தர் இல்லாமல் போனதுதான் காரணம்.

கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் பிரியந்தி என்ற பெண்ணை அனுப்பி, சர்வமத நல்லிணக்கக் குழு அமைக்கச் சொல்லியிருந்தது. நாலு மதத்தாரும் இருந்தால்தான் அது குழு. இந்துக்கள் பக்கம் தோட்டத் தலைவர் சின்னராசாவும் கோயில் செயலாளரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கீழ் லயத்து வரிசை வீட்டில் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் தலையாட்டிவிட்டார். நாலாவது மதத்தின் நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது. பிரியந்திக்கு அழுகை வராத குறை.

சின்னராசா யோசித்துப் பார்த்துவிட்டுக் காளியாயியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் புருஷன் இருந்த காலத்தில் யாத்திரை சீசனுக்குச் சீசன் மலையடிவாரத்து நல்லதண்ணியில் தேத்தண்ணிக் கடை போட்டவள். சிங்களம் தண்ணீராக வரும். பஸ் நிற்கும் இடத்து அரசமரத்தடிப் புத்தருக்குப் பௌர்ணமிப் போயா நாளில் பூ வைக்காமல் இருக்கமாட்டாள்.

“கொஞ்ச நேரந்தான் காளியாயி. சும்மா ஒக்காந்திருந்தா போதும்” என்றார் தலைவர்.

“ஒக்காரச் சொன்னா ஒக்கார்றேங்க. ஆனா ஆத்தாளுக்கு நீங்கதான் சொல்லிக்கணும்.”

தலைவர் அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்திச் சொல்லிவிட்டு வந்தார்.

சும்மா உட்காரத் தெரியாதவள் காளியாயி. ஒரு வேலையை ஏற்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவளுக்கு. வெள்ளைச் சேலை ஒன்று வாங்கினாள். போயாவுக்குப் போயா கருவாட்டை நிறுத்தினாள். மகள் தனுஜா, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விரதம், போயாவுக்குப் புத்தருக்கு விரதம் என்றால் வீட்டில் எப்போதுதான் கறி ஆக்குவது என்று சண்டை பிடித்தாள். குழுவில் இருக்கிறவள் இதையெல்லாம் பார்க்க முடியாது என்று காளியாயி சொல்லிவிட்டாள்.

பிறகு நுவரெலியாவில் மாவட்டக் கூட்டம் வந்தது. ஒவ்வொரு ஊர்க் குழுவும் ஒருவரை அனுப்ப வேண்டும். இந்தத் தடவை பௌத்தரின் முறை என்று காளியாயி போனாள்.

மண்டபத்தில் முதல் வரிசை. அவள் பெயருக்குக் கீழே ‘பௌத்தம்’ என்று எழுதிய அட்டை. பக்கத்து நாற்காலியில் ‘இந்து’ என்ற அட்டைக்குப் பின்னால் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர். அபேரத்ன என்று பெயர். வலப்பனைப் பக்கத்துச் சிங்களக் கிராமம். அங்கே இந்துக்களே இல்லையாம். வருஷா வருஷம் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர், தமிழும் வரும் என்று அவரைப் பிடித்து இந்துவாக்கி அனுப்பியிருந்தார்கள்.

தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். காளியாயியின் அப்பா பிரஜாவுரிமைக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, கிடைக்காமலேயே கண்ணை மூடியவர். மகள் இன்று கொடிக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் நின்றாள். சேலையை நீவிவிட்டு நிமிர்ந்துகொண்டாள். என்ன பெயரில் நிற்கிறோம் என்பது அந்த நேரம் அவளுக்கு ஞாபகம் இல்லை.

அவரவர் மதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்கள். போயா என்பது கடைகளில் இறைச்சியும் சாராயமும் விற்காத நல்ல நாள் என்று காளியாயி தொடங்கினாள். அபேரத்ன நெளிந்தார். அவரால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, அது மட்டும் இல்ல” என்று ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, சில் எடுத்து விரதம் காப்பதிலிருந்து தானம் வரைக்கும் அழகாகச் சொல்லி முடித்தார். சபை கைதட்டியது. இந்து ஒருவர் பௌத்தத்தை இவ்வளவு ஆழமாகப் படித்திருப்பது நாட்டுக்கே முன்மாதிரி என்றார் அறிவிப்பாளர்.

அடுத்தது அவர் முறை. முருகனுக்கு வள்ளியம்மாதான் முக்கியம், அவர் இந்த நாட்டுப் பெண் என்றார். இப்போது காளியாயிக்குப் பற்றிக்கொண்டது.

“மாத்தியா, தெய்வானைதான் மூத்தவ. அவள விட்டுட்டு வள்ளிய மட்டும் பேசுனா நல்லாவா இருக்கு?”

கதிர்காமத்தில் வள்ளியம்மாவுக்குத்தான் முதலிடம் என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மூத்த சம்சாரத்துக்கு இப்படியொரு அநியாயமா என்று இவளும் விடவில்லை. மேடையில் இருந்த புத்த பிக்கு தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்திலிருந்த குருக்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் சிறந்த கலந்துரையாடல் என்று இருவருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

பஸ் நிலையத்தில் அபேரத்ன அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். தெய்வானை விஷயத்தில் மட்டும் இருவரும் இறங்கி வரவில்லை.

சில மாதம் கழித்துத் தோட்டத் தொழிற்சாலைக்கு ஒரு புதிய சிங்கள உத்தியோகத்தர் மனைவியோடு வந்தார். பிரியந்தி ஓடோடி வந்து, அசல் பௌத்தராக அந்த அம்மாவே கிடைத்துவிட்டதால் காளியாயியம்மா இனிமேல் இந்துவாகவே இருக்கலாம் என்றாள். ஆனால் இந்து இடம் இரண்டும் நிரம்பியிருந்தன. சின்னராசா எழுந்திருக்கிற மாதிரி இல்லை. வேதக்காரக் குடும்பம் ஹட்டனுக்குக் குடிபோய்விட்டதால் அந்த நாற்காலி வேண்டுமானால் காலி என்றாள் பிரியந்தி தயங்கித் தயங்கி.

“மிஸ், பொறந்ததுலேருந்து நான் இந்து. எனக்கு அதுல எடமில்லைங்கிறீங்களா?”

பிரியந்தி பெயர்ப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே நின்றாள். காளியாயி வெள்ளைச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இரண்டு நாள் பரிசுக் கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பியே வைத்திருந்தாள். எந்தச் சாமியை விட்டும் வந்த துக்கம் இல்லை அது. அந்த முதல் வரிசையை விட்டு வந்த துக்கம்.

மூன்றாம் நாள் உத்தியோகத்தரின் மனைவி நிலந்தி லயத்துக்கே வந்துவிட்டாள். கூட்டங்களில் மணிக்கணக்காக உட்காரத் தன்னால் முடியாது என்று சிங்களத்தில் கெஞ்சினாள். “நீங்களே இருங்க அம்மே. போன போயாவுக்கு மரத்தடியில பூ வச்சவங்க நீங்க. நான் தூங்கிட்டேன்.”

காளியாயி அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றினாள். அடுத்த கூட்டம் எப்போது என்று தலைவரிடம் கேட்டு வரத் தனுஜாவை அனுப்பினாள்.