மோட்டருக்கும் மூச்சு முட்டும்

மோட்டர் வைண்டிங் செய்கிறவனிடம் யாரும் நல்ல மோட்டரைக் கொண்டுவந்து காட்டுவதில்லை. எரித்துவிட்டுத்தான் வருவார்கள், வந்து "சும்மா ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது" என்பார்கள். கருகின வார்னிஷ் மணம் சட்டையை விட்டுப் போகாத சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். மோட்டர் ஓடினால் சுடும். பின்பக்கத்தில் இருக்கும் சின்ன விசிறி காற்றை இழுத்து அதன் உடம்பில் ஊதும், சூடு இறங்கும். அந்தக் காற்றை மறித்தால் உள்ளே கொயில் கருகும். இவ்வளவுதான் சங்கதி. இதை நம்பவைக்கத்தான் என் வாலிபம் போனது.

ஈரச் சாக்கு

யுத்தக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பக்கத்துத் தெருவில் மாணிக்கம் அண்ணன் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்தார். அந்த மில்லின் மோட்டர் சுடுகிறது என்று அவரிடம் நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுவாரம் அதே மோட்டர் என் மேசையில் கிடந்தது. திறந்தால் உள்ளே தண்ணீர், அதோடு குழைந்த மிளகாய்த்தூள்.

கொழுக்கட்டையை மூடுவதுபோல மனுஷன் அதை ஈரச் சாக்கால் சுற்றிவிட்டிருக்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, "கரண்டில ஓடுற சாமானுக்குத் தண்ணி ஊத்துறதே அண்ணன்?" என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல் கேட்டார்: "காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போடுறதில்லையா தம்பி? இதுவும் சூடுதானே!"

சேரின் றெயின்கோட்

நான் குடியிருந்தது வெள்ளவத்தையில், ஒரு ஃப்ளாட்டின் கீழ்த்தட்டு அறையில். குடியிருப்போர் சங்கத் தலைவர் நல்லதம்பி சேர், ஓய்வுபெற்ற அரச அதிகாரி. அறையும் அவருடையதுதான். யாழ்ப்பாணத்துப் பொடியன் கொழும்பில் இருப்பதென்றால் பொலிஸில் பதிய வேண்டும், பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். அவர் இல்லையென்றால் எனக்கு விலாசம் இல்லை; விலாசம் இல்லாதவனை எந்தச் சென்றிக் காவலரணிலும் பஸ்ஸிலிருந்து இறக்கி ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே ஃப்ளாட்டின் தண்ணீர் மோட்டரை நான் கூலியில்லாமல் பார்த்துக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கியதும் சேர் மோட்டருக்குப் படங்கு போர்த்தினார். அது போதாதென்று, அரச சேவையில் தான் போட்டிருந்த றெயின்கோட்டை மேலே மாட்டி, கழுத்துவரை பொத்தானும் பூட்டிவிட்டார். மூன்றாம் நாள் புகை வந்தது. கொயிலைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன், போர்த்தாதீர்கள் என்று கும்பிட்டும் சொன்னேன். சேர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "முப்பது வருஷம் அந்தக் கோட்டைப் போட்டனான். நான் எரிஞ்சனானோ?"

ஜன்னல் வேண்டாம்

போர்த்தக்கூடாது என்றதால் சேர் மோட்டருக்கு ஓர் அறையே கட்டினார். நாலு பக்கமும் கல்லு, மேலே கொங்கிரீட், இரும்புக் கதவு, அதற்கு இரண்டு பூட்டு. ஒரு ஜன்னலாவது விடுங்கள் சேர் என்று சுவர் கட்டிக்கொண்டிருந்த மேசன்பாஸுக்கு முன்னாலேயே கெஞ்சினேன். ஜன்னல் இருந்தால் எவனாவது குண்டு கிண்டு எதையாவது உள்ளே போட்டுவிட்டுப் போவான், பிறகு ஃப்ளாட் முழுக்க உள்ளே போகவேண்டி வரும் என்றார். அந்தக் காலத்தில் அதற்கு மறுபேச்சு பேச முடியாது.

மோட்டர் திரும்பவும் எரிந்தது. சங்கக் கூட்டத்தில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மோட்டரைக் கட்டினவன் நான், கட்டுப்பட்டவனும் நான். சேர் எழும்பி, சபைக்கு முன்னால் சொன்னார்: "இன்னொருக்கா எரிஞ்சா, தம்பி வேற அறை பாக்கலாம்."

சீயாக்காய்

வேறு வழியில்லாமல் ஒரு ட்ரிப் சுவிட்ச் பூட்டினேன். சின்னப் பெட்டி, மோட்டர் அளவுக்கு மேல் சுட்டால் "டிக்" என்று தானே நிறுத்தும், ஆறினதும் "டிக்" என்று தானே தொடங்கும். இனி எரியாது, அறையும் பிழைத்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காற்றில்லாத அறையில் மோட்டர் காலையிலேயே சூடாகி நின்று, குழாயில் தண்ணீரும் நின்றுவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்றாம் மாடிப் பரிமளம் அக்கா பள்ளிக்கூட ரீச்சர். தலையில் துவாயோடு படியிறங்கி வந்து என் கதவைத் தட்டினார்: "தலை முழுக்கச் சீயாக்காயோட நிக்கிறன். உம்மட மோட்டருக்கு ஆறுதல் வேணுமெண்டா, நான் முழுகி முடிஞ்சாப் பிறகு எடுக்கச் சொல்லும்!"

டிக்

ஒரு விடியற்காலை ஆமி வந்து ஃப்ளாட்டைச் சுற்றி வளைத்தது. எல்லாரையும் அடையாள அட்டை ஐ.சி.யோடு லேனில் இறக்கினார்கள். பூட்டிய இரும்புக் கதவைக் கண்டதும் திறக்கச் சொன்னார்கள். சேர் மேல்பூட்டின் சாவியைக் கீழ்ப்பூட்டில் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து "டிக்" என்று ஒரு சத்தம்.

குண்டுதான் என்று ஆமிக்காரர் பின்னுக்குப் பாய்ந்தார்கள். எங்களைத் தூரத் தள்ளி நிற்கவைத்தார்கள். குண்டு நிபுணர் வந்து கதவைப் பிடுங்கினார். உள்ளே வெக்கை, மோட்டர், அதன் பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக வயர் ஓடும் என் பெட்டி. யார் செய்தது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். சேர் என்னைக் காட்டி, "அறை மட்டும்தான் குடுத்தனான், வேற ஒண்டும் தெரியாது" என்றார். அப்படிக் கூட்டிப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவனாகப் போகிறேன் என்றே நினைத்தேன்.

சீயாக்காய்த் தலையோடு முன்னுக்கு வந்தவர் பரிமளம் அக்காதான். இவன் எங்கள் ஆள், இவனைக் கொண்டுபோனால் இத்தனை வீட்டுக்கும் தண்ணீர் இல்லை என்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சத்தமாகவே சொன்னார். அதிகாரி மோட்டரில் கை வைத்து, சூடுபட்டு, உதறினார். போடு என்றார், போட்டேன். கதவில்லாத அறையில் காற்றடிக்க, அது டிக் என்னாமல் ஓடியது, மேலே தாங்கியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஜன்னல் இல்லாமல் கட்டினது எந்த மடையன் என்று அதிகாரி கேட்டார். சேர் நிலத்தைப் பார்த்தார். பதிவு புதுப்பிக்கும் மாதம் அது, கையெழுத்து அவர்தான் போடவேண்டும். நான் சிங்கள மரியாதையோடு சொன்னேன்: "மேசன்பாஸ், மாத்தயா."

கதவு

பிடுங்கின கதவை அவர்கள் கொண்டுபோய் லேன் முகப்பில் இருந்த சென்றிக்குக் கூரையாகப் போட்டுவிட்டார்கள். சேர் தினமும் அதற்குக் கீழேதான் நடந்து கோயிலுக்குப் போனார். திருப்பிக் கேட்க அவருக்குத் துணிவில்லை. புதுக்கதவு போட்டால் ஏன் என்று கேட்பார்களோ என்ற பயம் வேறு. மோட்டர் அதன்பிறகு எரியவே இல்லை.

என் பதிவில் சேர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த கூட்டத்தில் யாரோ மோட்டரின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க, சேர் நெஞ்சை நிமிர்த்தினார்: "இனி ஒரு பயமும் இல்லை. அது ஆமி செக் பண்ணின மோட்டர்!"

அந்த யுத்தம் முழுவதிலும் பாதுகாப்பு நடவடிக்கையால் மூச்சு விட்டது என்று நான் அறிந்தது அந்த ஒரு மோட்டரைத்தான்.